பாவாயி சொல்லாத சேதி

அத்தப்பனைப் புதைத்துவிட்டு வந்து, குளித்து, சாப்பிட்டு, அவரவர் தறிக்கு அவரவர் போய்விட்ட பிறகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில் முக்கில் அவருடைய வாசிப்பு நிற்கவில்லை என்பதை எங்கள் ஊர் வெகுநாள் கவனிக்கவில்லை. அதற்காக எங்களைச் செவிட்டுக் கூட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, ஏனென்றால் சங்கிலிப்பாளையத்தில் விசைத்தறி ஓடாத கட்டடம் என்றால் பிள்ளையார் கோயிலும் பள்ளிவாசலும் மட்டும்தான், தறிச் சத்தத்தில் பிறந்து, தறிச் சத்தத்தில் தூங்கி, எதிரே நிற்பவனின் உதட்டைப் பார்த்தே அவன் திட்டுகிறானா கும்பிடுகிறானா என்று தெரிந்துகொள்கிற ஜனங்கள் நாங்கள். அந்தச் சத்தத்துக்கு அடியில் அத்தப்பனின் தகர வீணை இருபது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் செத்துப்போனது எங்கள் நினைவில் இருந்தது, அவர் வாசிப்பது எங்கள் காதில் இருந்தது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒருத்தருக்கும் ஒழியவில்லை.

மாதத்துக்கு ஒருநாள் பராமரிப்பு என்று சொல்லி மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்றைக்குத்தான் எங்கள் ஊரில் காக்கை கத்துவது கேட்கும், புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்வது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், பழக்கதோஷத்தில் கத்திப் பேசிவிட்டு எல்லோரும் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். பங்குனியில் அப்படி நிறுத்திய ஒரு காலையில் தறிகள் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசித் தறியும் ஓய்ந்ததும், சைசிங் மில் முக்கிலிருந்து தகர வீணை துல்லியமாகக் கேட்டது. ஜனங்கள் வெளியே வந்தார்கள். டீக்கடை ஹயாத் பாய் கையில் வடிகட்டித் துணியோடு சாலையின் நடுவில் நின்றார். மில் சுவரை ஒட்டி, டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில், அத்தப்பன் நின்று நின்று வழுவழுப்பாகிப் போன சிமெண்டுப் பலகையின் மேல் ஆளும் இல்லை, பெட்டியும் இல்லை, ஆனால் நிற்கிற மனிதன் வயிற்றோடு அணைத்துப் பிடித்த உயரத்திலிருந்து வாசிப்பு மட்டும் வந்துகொண்டிருந்தது.

யாரும் அலறவில்லை, யாருக்கும் சாமி வரவில்லை. "அத்தப்பண்ணன் இன்னும் கெளம்பலையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டு ஹயாத் பாய் கடைக்குள் போய், சர்க்கரை தூக்கலாக ஒரு டீ போட்டுக் கொண்டுவந்து பலகையின் மேல் வைத்தார். டீ ஆறி ஆடை கட்டியது. வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. மத்தியானம் மின்சாரம் வந்ததும் எல்லோரும் தறிக்குத் திரும்பினோம்.

அத்தப்பனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். கலைந்துபோன ஏதோ ஒரு கல்யாண பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டைச் சித்திரை வெயிலிலும் கழற்றாத மனுஷர், உட்கார்ந்து வாசித்தால் சத்தத்துக்கு முதுகு வளைந்துவிடும் என்று நின்றே வாசித்தவர், முன்னால் துண்டு விரிக்காதவர், யாராவது காசை வீசினால் அது விழுந்த ஓசையை அப்படியே கம்பியில் தட்டிக் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னவர். டிரங்குப் பெட்டி ஒன்றின் மேல் சைக்கிள் பிரேக் கம்பிகளை இழுத்துக் கட்டி, தறியில் நூலைச் சுமந்து ஓடி உடைந்துபோன நாடா ஒன்றைக் கம்பிகளுக்குக் குதிரையாக முட்டுக் கொடுத்து அவரே செய்துகொண்ட வாத்தியத்துக்கு அவர் பேர் வைக்கவில்லை, ஊர்தான் தகர வீணை என்றது. கண் எப்படிப் போனது என்று ஊரில் ஆளுக்கொரு கதை உண்டு. அவரைக் கேட்டால் "போனதுக்குக் கதை எதுக்குங், போச்சு" என்பார். சினிமாப் பாட்டு வாசிக்கச் சொன்னால் கோபம் வரும். டவுன் பஸ் ஹாரன் அரைக்கால் சுரம் பிசகுகிறது என்று டிரைவரிடம் ஒரு வருஷம் விடாமல் மல்லுக்கு நின்றார், தொல்லை தாங்காமல் அந்த ஆள் ஹாரனையே மாற்றிக்கொண்டார். தாளம் மட்டும் யாருக்கும் பிடிபடாது. எதற்கு இந்தக் கோணல் என்று ஒருதரம் ஹயாத் பாய் கேட்டபோது, "தறி நாலு தட்டுது பாய். ஊரே அது கூடச் சேந்து நாலு தட்டுது. ஒருத்தனாச்சும் வேற தட்ட வேண்டாமா?" என்றார்.

அவர் வாசித்ததெல்லாம் அவரே கட்டியது. ஆனால் எதை வைத்துக் கட்டினார் என்று சொல்ல வேண்டுமானால் பாவாயியைச் சொல்ல வேண்டும்.

பாவாயி அதே முக்கில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் விற்பவள். இரண்டு தட்டுவடைக்கு நடுவே பீட்ரூட்டும் காரட்டும் வெங்காயமும் சீவி வைத்து, பச்சையில் ஒரு சட்னியும் சிவப்பில் ஒரு சட்னியும் தடவி அவள் கொடுக்கிற செட்டுக்கு வேலை முடிந்து வருகிற தறிக்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். புருஷன் செத்துப் பல வருஷமாகிறது, பிள்ளை குட்டி இல்லை. தினமும் பொழுது சாய்கிற நேரத்தில் அவளுடைய வண்டிச் சக்கரத்தின் கிறீச்சொலி தெருவின் கோடியில் கேட்டதும் அத்தப்பன் வாசிப்பை நிறுத்திவிடுவார், பாதி மெட்டாக இருந்தாலும் சரி, முக்கால் மெட்டாக இருந்தாலும் சரி. அவள் வந்து வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, பீட்ரூட்டைச் சீவ ஆரம்பித்ததும், "என்ன சேதி அம்மணி?" என்பார். அவள் அன்றைய சேதியைச் சொல்வாள்.

"கொழாயடில சரசா குடத்தை வீசிப்புட்டாளுங்."

"பித்தளையா, பிளாஸ்டிக்கா?"

"பிளாஸ்டிக்குங்."

"தண்ணி இருந்துச்சா?"

"பாதி இருந்துச்சுங்."

"பாதின்னா சரி" என்று சந்தோஷமாகத் தலையாட்டிக்கொள்வார். யார் மேல் தப்பு, எதற்குச் சண்டை என்றெல்லாம் அவர் கேட்டதே இல்லை. எதன் மேல் என்ன விழுந்தது, எது உருண்டது, யார் எந்தப் பக்கம் நின்று அழுதார்கள், கதவு மரமா தகரமா என்பதுதான் அவருக்கு வேண்டும். எல்லாம் சொல்லி முடித்து அவள் "அவ்வளவுதானுங்" என்றதும் அவர் வாசிக்க ஆரம்பிப்பார், அன்றைய சேதி அன்றைய மெட்டாகும். ஒரே ஒருதரம், கேட்கிறவருக்கு ருசிக்கட்டுமே என்று பாவாயி பிளாஸ்டிக் வாளி ஒன்றைப் பித்தளையாக்கிச் சொல்லிவிட்டாள். மறுநாளே அவருக்கு உண்மை தெரிந்துபோயிற்று. "பித்தளைக்குக் கட்டிப்புட்டேனே அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர், அந்த வாரம் முழுக்க முக்குப் பக்கமே வரவில்லை. அதற்குப் பிறகு பாவாயி ஒரு சேதியில் ஒரு சொல்லைக் கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

மாசியில் ஒருநாள் விடிகாலையில் மில்லுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் அத்தப்பன் செத்துக் கிடந்தார். பார்த்துச் சொன்னது பாவாயிதான். சொந்தக்காரர் என்று யாரும் வராததால் ஊரே எடுத்துப்போட்டது, பெட்டியையும் அவரோடு குழியில் வைத்தோம். பாவாயி வண்டியை வீட்டு வாசலில் கவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்தவள் வெகுநாள் வெளியே வரவில்லை.

ஆகவே பங்குனியில் அதிசயம் தெரியவந்தபோது அவள் முக்கில் இல்லை. ஊர்தான் இருந்தது, ஊருக்குத்தான் எதையும் பழகிக்கொள்ளத் தெரியுமே. காரணம் என்ன என்ற பேச்சு ஒரே நாளில் முடிந்தது: பாவு கஞ்சியைக் குடிக்கிற மாதிரி மில் சுவர் இருபது வருஷ வாசிப்பைக் குடித்திருக்கிறது, இப்போது காய்கிறது என்று பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார், சைசிங் தெரிந்த ஜனங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. செல்போனில் பதிவு செய்து பார்த்தவர்களுக்குப் பஸ் சத்தம்தான் கிடைத்தது. பலகை மேல் ஒரு வேல் நட்டுவிடலாம் என்று பூசாரி சொன்னார், என் டீயைக் குடித்த மனுஷனுக்கு நான் விளக்கு ஏற்றுகிறேன் என்று ஹயாத் பாய் சொன்னார், கடைசியில் இரண்டும் வேண்டாம், பஸ்காரர்கள் வண்டியைக் கொண்டுவந்து மேலே ஏற்றாமல் இருக்கச் சுற்றிலும் ஒரு கம்பி வேலி போதும் என்று முடிவாயிற்று. தறி ஓடினால் கேட்காது என்பதால் சாயங்கால டீக்குப் பிறகு கொஞ்ச நேரம் எல்லாத் தறிகளையும் நிறுத்துவது என்று ஒரு வழக்கம் வந்தது. அதற்கு முக்கு நேரம் என்று பேர் வந்தது. தீபாவளிக்குக்கூடத் தறியை நிறுத்த மனம் வராத முதலாளிகள் முணுமுணுத்துக்கொண்டே நிறுத்திவிட்டு, முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள்.

இருபது வருஷமாகக் காதில் விழுந்தும் கேட்காமல் இருந்ததை நாங்கள் அப்போதுதான் கேட்டோம், கேட்கக் கேட்க ஒவ்வொரு மெட்டும் என்ன என்று பிடிபட ஆரம்பித்தது. பொத்தென்று விழுந்து, உருண்டு, களக்களக் என்று தண்ணீர் தளும்புகிற இடம் வந்ததும் சரசா எழுந்து நின்று, "இது நானு!" என்றாள். அதற்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருகிற விருந்தாளிகளை முதலில் முக்குக்கு அழைத்து வந்து அந்த மெட்டு வரும்வரை உட்கார வைத்தாள். டீக்கடை பாய்லர் வெடித்த மெட்டு வந்தால் எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சைக்கிளோடு சாக்கடையில் விழுந்த ஒருவர் அந்த மெட்டை மட்டும் எடுத்துவிடச் சொல்லி மனுக் கொடுத்தார், யாரிடம் சொல்லி எடுப்பது என்று தெரியாததால் மனு திரும்பிப் போயிற்று. ஈரோட்டுக்கு நூல் வாங்கப் போனேன் என்று என்றைக்கோ பெண்டாட்டியிடம் சொன்ன ஒரு மனுஷரின் மொபெட் ஒரு மெட்டில் மெல்ல உறுமிக்கொண்டு சினிமாக் கொட்டகைப் பக்கம் திரும்பியது, அந்த உறுமலை அவர் பெண்டாட்டி எங்கே கேட்டாலும் அடையாளம் சொல்வாள், அவர் வீட்டில் அடுப்பு பற்றவைக்கச் சில நாள் ஆயிற்று. மொத்தத்தில் ஊர் தன்னைத்தானே கேட்டுக்கொண்டு சந்தோஷமாக இருந்தது. வார்டு கவுன்சிலர் சென்னியப்பன் தலைமையில் முக்குக் கமிட்டி என்று ஒன்று உண்டாகி, வெளியூர் ஜனங்களுக்கு நிழலுக்கு ஒரு தகரக் கொட்டகையும் போட்டது.

பாவாயி சித்திரையில் வெளியே வந்தாள். முக்கில் இப்படி நடக்கிறது என்று ஹயாத் பாய் வீட்டுக்கே வந்து சொல்லியிருந்தார். அவள் வண்டியைக் கழுவி, துடைத்து, பொழுது சாய்கிற நேரத்தில் தள்ளிக்கொண்டு வந்தாள், அது முக்கு நேரம், கொட்டகை நிறைய ஜனம். சக்கரம் கிறீச்சிட்டுத் தெருக்கோடியில் திரும்பியதும் வாசிப்பு நின்றது.

பாவாயி வந்து வண்டியை நிறுத்தினாள். சக்கரத்துக்குக் கல் வைத்தாள். பீட்ரூட்டைக் கையில் எடுத்தவள் சீவாமல் பலகையைப் பார்த்தபடி நின்றாள். ஜனம் காத்திருந்தது. அவள் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள், ஒரு செட்டும் போடாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். கிறீச்சொலி தேய்ந்து மறைந்ததும் விட்ட இடத்திலிருந்து வாசிப்பு தொடங்கியது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்தவர்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கமிட்டி கூடிப் பேசி, சென்னியப்பன் நாலு பேரோடு பாவாயி வீட்டுக்குப் போனார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க வந்தா அவரு நிறுத்திப்போடறாருங்."

"நான் ஒண்ணும் பண்ணலீங்களே கண்ணு."

"பண்ணலீங்க. நாங்க அப்புடிச் சொல்லலீங்க. பஸ் ஸ்டாண்டுல நல்ல எடமா ஒண்ணு பாத்து வெச்சிருக்கறம். யாவாரமும் ரெட்டிப்பா நடக்கும்."

கூட வந்தவர்களில் ஒருவர், நியாயமாகத்தான் பேசுகிறோம் என்ற நினைப்பில், "அவரு உங்களுக்கு என்ன முறை வேணுமுங்?" என்று கேட்டார்.

"முறையெல்லாம் இல்லீங். பக்கத்துக் கடை" என்றாள்.

அவள் சண்டை போடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போனாள், யாவாரம் நன்றாகத்தான் நடந்தது. ஆனால் இருபது வருஷமாக ஊர்ச் சேதியைப் பொறுக்கிப் பொறுக்கிப் பழகிய கண்ணும் காதும் அவளுக்குச் சொன்னபடி கேட்கவில்லை. கண்டக்டர் விசிலை எச்சில் துடைக்காமல் ஊதுவதையும், புறக்காவல் நிலையத்துக் கதவு தகரம் என்பதையும், மழைக்கு ஒதுங்கிய கிழவி பிடித்த குடையில் எத்தனை கம்பி உடைந்திருக்கிறது என்பதையும் அவை சேர்த்துக்கொண்டே போயின, இறக்கி வைக்க இடம் இல்லாமல் அவளுக்கு நெஞ்சு கனத்தது. செட் வாங்க வந்தவர்களிடம் சொல்லிப் பார்த்தாள். "சட்னி கொஞ்சம் சேத்துப் போடுங்கக்கா" என்றார்கள்.

இந்தப் பக்கம் முக்கில் வைகாசி முடிவதற்குள் வாசிப்பு மாற ஆரம்பித்தது. புதுச் சேதி இல்லாததால் பழைய மெட்டுகளே திரும்பத் திரும்ப வந்தன, பிறகு பாதி பாதியாக வந்தன, சரசாவின் குடம் விழுந்து உருளாமல் நின்றது, பாய்லர் புஸ்ஸென்று போயிற்று. ஆனி வந்ததும் பொழுது சாய்கிற நேரத்தில் எல்லாம் நின்றுபோய் ஒரே ஒரு கம்பியை மட்டும் தட்டுகிற சத்தம் வரத் தொடங்கியது: தட்டும், நிறுத்தும், சற்றுப் பொறுக்கும், மறுபடி தட்டும். பூட்டியிருக்கிற வீட்டுக் கதவை மரியாதைப்பட்ட மனுஷன் தட்டுகிற தட்டு. சில வாரத்தில் காலையிலும் அதுதான், மத்தியானத்திலும் அதுதான். கொட்டகையில் கூட்டம் குறைந்தது. தறியை ஓட்டினால் கேட்காதே என்று முக்கு நேரத்தில் சிலர் தறியை ஓட்டிப் பார்த்தார்கள், ஒருமுறை காது கேட்டுப் பழகிவிட்டால் தறிச் சத்தத்துக்கு அடியிலும் கேட்கத்தான் செய்தது. கைக்குழந்தைகள் அந்தத் தட்டலுக்கு விழித்துக்கொண்டு வாசலைப் பார்த்தன.

கமிட்டி மறுபடி கூடியது. இந்தத் தடவை யாரும் அதிகம் பேசவில்லை, விஷயம் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. சென்னியப்பன் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் வண்டிக்கு முன்னால் நின்றார்.

"அக்கா, வந்து முன்ன மாதிரி நாலு சேதி சொல்லிப்போட்டுப் போங்க. அது போதும் அவருக்கு."

"வேண்டாங் கண்ணு."

"நாங்க பண்ணுனது தப்புத்தானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க."

"அதுக்கில்லீங். என்னால ஆகாது."

எவ்வளவு கேட்டும் அதற்கு மேல் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. கூட்டத்துக்கு நடுவே செத்தவரோடு பேச வெட்கப்படுகிறாள் என்றார்கள் சிலர். வெறும் ரோசம் என்றார்கள் சிலர். இரண்டு நாள் கழித்து ஹயாத் பாய் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுத் தனியாகப் போய், ஒரு செட் வாங்கிச் சாப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு, நிதானமாகக் கேட்டார்.

"ஏன் பாவாயிக்கா?"

அவரிடம் அவளால் மறைக்க முடியவில்லை. "வந்தா எல்லாச் சேதியும் சொல்லோணும் பாய். எல்லாத்தையும்னா, அதையுந்தான்."

"எதை?"

"அவரு செத்துப்போன சேதியை." பாவாயி சட்னிப் பாத்திரத்தை மூடினாள். "யாருமே சொல்லலையே அவருகிட்ட. அவருக்குச் சேதி சொல்ற ஆளு நானு. நான் சொல்லாம அவருக்கு எப்புடித் தெரியும்? தெரியாமத்தான நின்னு வாசிச்சிட்டு இருக்காரு. நான் வாயைத் தொறந்து அதைச் சொல்லிட்டா, போயிருவாரு பாய். அப்பறம் அந்த முக்குல ஒண்ணுமே இருக்காது."

"அதை மட்டும் விட்டுப்போட்டு மத்ததைச் சொல்லுங்களேன்."

"ஒண்ணை விட்டுச் சொன்னா அது சேதி இல்ல பாய்" என்றாள் பாவாயி. "பிளாஸ்டிக்கைப் பித்தளைன்னதுக்கே அந்த மனுசன் ஒரு வாரம் வரல."

ஹயாத் பாய் போகும்போது, குற்றம் சொல்கிற தோரணை எதுவும் இல்லாமல், "வாசிப்பெல்லாம் நின்னுபோச்சுக்கா. தட்டிட்டே நிக்கறாரு. தட்டறதும் காத்திருக்கறதும், தட்டறதும் காத்திருக்கறதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பாவாயிக்கு யாவாரத்தில் கை ஓடவில்லை. பச்சைச் சட்னி கேட்டவருக்குச் சிவப்பைத் தடவினாள். தன் வாயால் அவர் போய்விட வேண்டாம் என்று இவள் ஒதுங்கி நிற்க, அவர் வாசிப்பையும் விட்டுவிட்டுத் தெருக்கோடியில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால், இது யாருக்காகச் செய்கிற காரியம் என்று அவளுக்கே கேள்வி வந்தது. தனக்காக ஒருவரைக் காக்க வைப்பது அவளுக்கு வழக்கமில்லை, உயிரோடு இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

ஆடியில் மின்சாரம் நிறுத்திய நாள் அன்று, பொழுது சாயக் காத்திராமல் மத்தியானமே வண்டியைத் தள்ளிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பினாள். தறி ஓடாததால் சக்கரத்தின் கிறீச்சொலி தெருத் தெருவாகக் கேட்டது, கேட்ட வீடுகளிலிருந்தெல்லாம் ஜனங்கள் பின்னால் வந்தார்கள். ஹயாத் பாய் மூலமாக விஷயம் இதற்குள் ஊருக்குத் தெரிந்திருந்தது. சென்னியப்பன் ஓடிவந்து கூடவே நடந்தார். "அக்கா, உங்க காலைப் புடிச்சுக் கேக்கறன். அதை மட்டும் சொல்லாதீங்க. தட்டிட்டாச்சும் இருக்கட்டும்" என்றார், அது கவுன்சிலர் குரலாக இல்லை. பாவாயி வண்டியைத் தள்ளிக்கொண்டே போனாள்.

தெருக்கோடியில் வண்டி திரும்பியதும் தட்டல் நின்றது.

அவள் கம்பி வேலிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கல் வைத்து, பீட்ரூட்டைச் சீவ ஆரம்பித்தாள். அத்தனை ஜனம் இருந்தும் துருவல் விழுகிற சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"சேதி நெறைய இருக்குதுங்" என்றாள். "பாய் கடைல புது பாய்லருங், செம்புல. பழசை விட மெதுவாத்தான் கொதிக்குது. மில்லுல சங்கை மாத்திட்டாங்க, உங்களுக்குப் புடிக்காது, கீச்சுன்னு இருக்குது. சரசா மவ பெரியவளாயிட்டா, சீர்த் தட்டு தூக்கிட்டு வரைல ஒருத்தி வழுக்கி விழுந்துட்டா, எவர்சில்வர் தட்டுங், சுத்திச் சுத்தி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் படுத்துச்சு. இங்க தகரத்துல கொட்டாய் போட்டிருக்காங்க, மழை பேஞ்சா காது அடைச்சுரும். என்னையப் பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொன்னாங்க, போயிட்டேன். நீங்க கூப்பிட்டீங்களாமா. எனக்குச் சேதி வந்துச்சு. நாந்தான் வரலீங்."

சென்னியப்பன் தரையைப் பார்த்தார். நாங்கள் எல்லோருமே தரையைப் பார்த்தோம்.

"இன்னொண்ணு இருக்குதுங். மொதல்லயே சொல்லியிருக்கோணும்." சீவுவதை நிறுத்தினாள். "நீங்க செத்துப் போயிட்டீங்க. மாசி மாசமே. வெடியால டீ கொண்டாந்தேன், கூப்பிட்டேன், நீங்க எந்திரிக்கலை. தொட்டுப் பாத்தேன், சில்லுன்னு இருந்துச்சு. ஒடனே யாரையும் கூப்பிடலீங். சித்த நேரம் உக்காந்திருந்தேன். எடக்கை நகம் வளந்து கெடந்துச்சு, கம்பில படுதுன்னு ரெண்டு நாளாச் சொல்லிட்டு இருந்தீங்க, எனக்குத்தான் ஒழியல. அதை அப்புடியே விட மனசு வரல. மடில கையை வெச்சு நகவெட்டில ஒவ்வொண்ணா வெட்டிவிட்டேன். சோத்தாங்கை நகத்தை வெட்டலீங். அது மீட்டற கையி, வேணும். அப்பறந்தான் வெளிய வந்து பாய்கிட்டச் சொன்னேன்."

ஆடிக் காற்றில் கொட்டகையின் தகரம் ஒருதரம் அதிர்ந்து அடங்கியது.

"அவ்வளவுதானுங்" என்றாள்.

நாங்கள் காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெண்கள் சிலர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். போய்விட்டார் என்று எல்லோருக்கும் நிச்சயமான பிறகு, பலகையின் மேல் அந்தப் பழைய உயரத்திலிருந்து வாசிப்பு தொடங்கியது.

அதுவரை நாங்கள் கேட்டிராத மெட்டு. செம்பு பாய்லர் மெதுவாகக் கொதித்தது, மில் சங்கு கீச்சிட்டது, எவர்சில்வர் தட்டு சுற்றிச் சுற்றி, இதோ படுத்துவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் சுற்றியது, அழுதுகொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். வண்டிச் சக்கரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிற்று, தனியாகப் போயிற்று. அடுத்து அது வரும், அதை எப்படிக் கட்டியிருப்பார் என்று காத்து நின்றோம். சாவு வந்தது, ஒரு கம்பியைத் தொட்டு எடுத்த அளவில் வந்து போய்விட்டது, அதற்கு மேல் அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. பிறகு மெட்டு மிகவும் மெதுவாகி, கம்பியில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது, அதைச் சுற்றி அகலமாக ஒரு நிம்மதி. இன்னொரு 'டிக்'. ஒரு விரலை விட்டு அடுத்த விரலை எடுக்கிற நேரம். மூன்றாவது. நான்காவது. மெட்டிலேயே நீளமானது அந்த இடம்தான். கூட்டத்தில் ஒவ்வொருவரும் அவரவர் இடக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்தாவது, கட்டைவிரல், மற்றவற்றைவிடக் கொஞ்சம் கனமாக விழுந்தது.

ஆறாவதுக்குக் காத்திருந்தோம். வரவில்லை. வெட்டியது இடக்கையை மட்டும்தான், அது வராது என்று எங்களுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

பாவாயி வண்டியைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அழுதாள். மாசியில் அழாத அழுகை அது, வாய்விட்டு, ஊர் பார்க்கிறதே என்று பார்க்காமல், மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அப்போது ஹயாத் பாய் கடையில் குண்டு பல்பு எரிந்தது, மின்சாரம் வந்துவிட்டது. சங்கிலிப்பாளையத்தில் மின்சாரம் வந்தால் அடுத்த மூச்சில் தறி ஓடும். அன்றைக்குத் தறிக்காரர்கள் எல்லோரும் எரிகிற பல்பைப் பார்த்தபடி நின்றார்கள், பாவாயி அழுது முடிக்கிறவரை ஊரில் ஒருத்தர்கூட சுவிட்சைப் போடவில்லை.